நெல் ஏற்றிய டிரெய்லருக்கு ஏற்ற ஜாக்கி எது?

டிராக்டர் டிரெய்லருக்கு ஜாக்கி வேண்டும் என்று கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உள்ள உதிரிபாகக் கடையில் கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “எத்தனை டன் வேணும் அண்ணே?” வாங்குபவரும் ஐந்து என்றோ பத்து என்றோ சொல்லி, பணத்தைக் கொடுத்து எடுத்து வந்துவிடுகிறார். பிறகு அறுவடைக் காலத்தில், வண்டி நிறைய நெல்லோடு வாய்க்கால் கரையில் டயர் இறங்கி நிற்கும்போதுதான், கையிலிருக்கும் ஜாக்கி எத்தனை டன் தூக்கும் என்பதற்கு முன்னால் அது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சிலுக்கு அடியில் நுழையுமா என்ற வேறொரு கேள்வி இருந்தது தெரியவருகிறது. காவிரி டெல்டாவில் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் பலவகை ஜாக்கிகளை ஒரே டிரெய்லரின் அடியில் வைத்துப் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு இது. நிறுவனங்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். வாங்குபவர் பார்க்க வேண்டியது ஜாக்கியின் உடம்பில் ஒட்டியிருக்கும் பெயரைக் காட்டிலும் அதன் கீழே பொறித்திருக்கும் மூன்று உயரங்களை: இறங்கிய நிலையில் உயரம், உள்ளிருக்கும் எண்ணெயின் அழுத்தம் தூக்கும் உயரம், தலையிலுள்ள திருகு நீளும் உயரம்.

முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது எல்லாரும் அஞ்சுகிற அளவுக்குப் பெரியதன்று. இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றின் வெற்று எடை சுமார் ஒன்றரை டன் இருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் 40 கிலோ மூட்டைகளில் நூறு ஏற்றினால் நான்கு டன். ஆக மொத்தம் ஐந்தரை டன்னில் ஒரு பங்கைக் கொக்கி வழியாக டிராக்டர் தாங்கிக்கொள்கிறது. மீதியை இரண்டு சக்கரங்களும் பகிர்ந்துகொண்டால் ஒரு சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 2.4 டன் நிற்கும். இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. ஜாக்கியைச் சக்கரம் நிற்கும் இடத்திலேயே வைக்க முடியாது. அதற்கு உள்பக்கமாக, ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் சேரும் இடத்துக்கு அருகில்தான் வைக்க முடியும். எதிர்ப்பக்கச் சக்கரத்தை ஊன்றுபுள்ளியாகக் கொண்டு தூக்குவதால், இரு சக்கரங்களுக்கும் இடையே 150 செ.மீ. இருந்து, ஜாக்கி 25 செ.மீ. உள்ளே தள்ளி நின்றால், சக்கரத்தின் மேல் இருந்த சுமை 150-க்கு 125 என்ற விகிதத்தில் கூடிவிடும். அதாவது 2.4 டன் ஜாக்கியின் தலையில் 2.9 டன்னாக வந்து உட்காரும். மூன்று டன் ஜாக்கிக்கு இது விளிம்பு, ஐந்து டன்னுக்குப் போதுமான இடைவெளி, பத்து டன்னுக்கு மிகவும் எளிது.

பஞ்சரானால் சுமையை இறக்கிவிட்டுத் தூக்கலாமே என்று கேட்கலாம். மூட்டையாக இருந்தால் அதைச் செய்யலாம், அதற்கும் நான்கு ஆட்கள் வேண்டும். இப்போது அறுவடை இயந்திரத்திலிருந்து நெல்லை உதிரியாகவே டிரெய்லரில் கொட்டிக்கொண்டு களத்துக்குப் போகிறோம். அந்த நெல்லை ஈரமான கரையில் இறக்க எந்த விவசாயியும் சம்மதிக்க மாட்டார். குறுவை அறுவடை மழைக்காலத்தின் வாசலில் வருகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் தனிப் பேச்சாகிவிடும் என்பதால் நெல்லைத் தரையில் போடுவதைவிட முழுச் சுமையோடு தூக்குவதே நல்லது என்று எல்லாரும் முடிவு செய்கிறார்கள். ஆகவே டிரெய்லருக்கு வாங்கும் ஜாக்கியை முழுச் சுமையைக் கொண்டே அளக்க வேண்டும்.

இனி உயரக் கணக்கு. இதில்தான் நிறைய ஜாக்கிகள் தோற்கின்றன. நான் அளந்து பார்த்த டிரெய்லரில் 9.00-16 டயர்கள் (9 அங்குல அகலம், 16 அங்குல ரிம்), 75 மி.மீ. சதுர ஆக்சில். காற்று நிறைந்த டயர் சுமையோடு நிற்கும்போது ஆக்சிலின் அடிப்பக்கம் தரையிலிருந்து சுமார் 37 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கடையில் நின்று யோசிக்கும்போது நம் மனத்தில் இருப்பது இந்த உயரம்தான். டயர் முழுவதும் இறங்கிவிட்டால் ரிம் ஏறத்தாழ ரப்பரின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது, ஆக்சிலின் அடிப்பக்கம் 21 செ.மீ.க்கு வந்துவிடுகிறது. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டின் நட்டுகளும் அடித்தகடும் அதற்கும் கீழே தொங்கும். வழக்கமான பத்து டன் பாட்டில் ஜாக்கியின் (பாட்டில் வடிவ எண்ணெய் ஜாக்கி) இறங்கிய உயரம் 23 செ.மீ. அது நுழையாது. ஐந்து டன் ஜாக்கிகள் பலவும் 21 அல்லது 22 செ.மீ.யில்தான் தொடங்குகின்றன. கெட்டித் தார் ரோட்டில் எப்படியோ திணித்துவிடலாம், அடியில் ஒரு பலகை வைக்க வேண்டிய இடத்தில் திணிக்க முடியாது.

எட்ட வேண்டிய உயரமோ எதிர்த்திசையில் இழுக்கிறது. கழற்றுவது இறங்கிய டயர், மாட்டுவது காற்று நிறைந்த ஸ்டெப்னி. காற்று நிறைந்த டயர் சுமையில்லாமல் தொங்கும்போது அதன் ஆரம் 44 செ.மீ. அதைத் தரையில் தேயாமல் உருட்டி போல்ட்டுகளில் ஏற்ற இன்னும் இரண்டு செ.மீ. இடைவெளி வேண்டும். அப்படியானால் ஆக்சிலின் அடிப்பக்கம் 42 செ.மீ. வரை உயர வேண்டும். 21-இலிருந்து 42 வரை, மொத்தம் 21 செ.மீ. பத்து டன் ஜாக்கியில் எண்ணெய் தூக்குவது 15 செ.மீ. மட்டுமே, மீதி 8 செ.மீ. திருகில் இருக்கிறது. சுமை ஏறிய பிறகு அந்தத் திருகைத் திருப்ப முடியாது. ஆகையால் ஜாக்கியின் தாளில் அச்சிட்டிருக்கும் ‘அதிகபட்ச உயரம் 46 செ.மீ.’ என்ற எண்ணை அப்படியே நம்பி வாங்கினால், பாதி தூக்கிய நிலையில் கட்டை கொடுத்து நிறுத்தி, ஜாக்கியை இறக்கி, அடியில் பலகை சேர்த்து, மறுபடி தூக்கும் வேலை வரும். சேற்றில் இந்த இரண்டாம் தூக்குதான் ஆபத்தானது.

அடுத்தது மண். டெல்டா முழுவதும் ஒரே மண் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வல்லம் பக்கத்துச் செம்பொறை மண்ணில் ஜாக்கியை வெறும் தரையில் வைத்தாலும் நிற்கும். நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கத்துக் களியில் மழைக்கு மறுநாள் அதே ஜாக்கி, வண்டியைத் தூக்குவதற்குப் பதில் தான் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். காரணம் எளியது. பத்து டன் ஜாக்கியின் அடிப்பாகம் சுமார் 12 செ.மீ.க்கு 11 செ.மீ. 2,900 கிலோவை அந்தப் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 22 கிலோ வரும். டிரெய்லர் டயர் தன் காற்றழுத்தத்தை ஒட்டி, தோராயமாக நான்கு கிலோ அளவில்தான் மண்ணை அழுத்துகிறது. டயரைத் தாங்கிய மண் ஜாக்கியைத் தாங்காததற்கு இந்த வேறுபாடே விளக்கம். 45 செ.மீ.க்கு 30 செ.மீ. பலகை ஒன்றை அடியில் போட்டால் அழுத்தம் இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும் அளவுக்கு இறங்கிவிடுகிறது, அதாவது டயரைவிடக் குறைவு. வண்டி புதையாமல் வந்து நின்ற மண்ணில் இந்தப் பலகையும் புதையாது. பலகைக்கு நம் பக்கத்தில் புளியமரமோ பூவரசோ சிறந்தது. தென்னம்பலகை நாராகப் பிளந்துவிடுகிறது. பலகையின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் இரும்புத் தகடு ஒன்று இருந்தால் ஜாக்கியின் அடி மரத்தைக் குத்தாமல் சுமை பரவும். மரம் நான்கு, தகடு ஒன்று என ஐந்து செ.மீ. ஆகிறது. ஏற்கெனவே இடமில்லாத 21 செ.மீ.யில் இந்த ஐந்தும் போய்விட்டால் மீதி இருப்பது பதினாறு.

இந்த இரண்டு கணக்குகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாக்கியாகப் பார்க்கலாம்.

காரோடு வரும் கத்தரி ஜாக்கி பத்து செ.மீ. இடைவெளியிலும் நுழையும் என்பதால் சிலர் அதை டிராக்டர் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். அது ஒரு டன், ஒன்றரை டன் காரின் ஒரு மூலையைத் தூக்குவதற்காகச் செய்யப்பட்டது. நெல் டிரெய்லருக்கு அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை. பஞ்சர் கடைகளில் சிமெண்ட் தரையில் உருளும் டிராலி ஜாக்கியும் அப்படித்தான். அதன் சிறு சக்கரங்கள் தூக்கும்போது முன்னும் பின்னும் நகர வேண்டும், மண்ணில் அவை நகராது. கடைக்கு அது அருமையான கருவி, கரைக்கு வெறும் பாரம்.

பழைய லாரிகளில் இருந்த திருகு ஜாக்கியைப் பற்றிச் சற்று மரியாதையோடு பேச வேண்டும். அதில் எண்ணெய் இல்லை, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் இல்லை, வருடக்கணக்கில் சேற்றில் கிடந்தாலும் கழுவி கிரீஸ் தடவினால் வேலை செய்யும். திருகின் உராய்வே அதைப் பூட்டிவிடுவதால், கையை எடுத்த இடத்தில் அப்படியே நிற்கும். இரவு முழுவதும் விட்டாலும் ஒரு மயிரிழை இறங்காது. ஆனால் தானாக இறங்காத அந்தக் குணத்துக்கு விலை உண்டு. அப்படிப்பட்ட திருகில் நாம் கொடுக்கும் உழைப்பில் பாதிக்கும் மேல் உராய்விலேயே போய்விடுகிறது. மூன்று டன்னைத் திருகித் தூக்க நல்ல பலமுள்ள ஆள் வேண்டும், அவரும் கம்பியைச் சுற்றுவதற்கு டிரெய்லருக்கு அடியில் தலையை நீட்ட வேண்டும். ஆகவே தூக்குவதற்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரும்புக் கடையில் பழையது மலிவாகக் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் ஜாக்கி தூக்கிய பிறகு ஆக்சிலுக்குத் துணையாகக் கொடுத்து நிறுத்துவதற்கு அதைவிட நம்பகமான பொருள் வேறில்லை.

எண்ணெய் ஜாக்கி, அதாவது பாட்டில் ஜாக்கி, ஏன் இந்த வேலையில் முன்னால் நிற்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. உள்ளே ஒரு சிறிய உந்துதண்டும் ஒரு பெரிய தண்டும் இருக்கின்றன. சிறியது ஒரு செ.மீ. விட்டம், பெரியது நான்கு செ.மீ. விட்டம் என்று கொண்டால் பரப்பில் பதினாறு மடங்கு. கைப்பிடியின் நெம்புதலில் இன்னொரு பதினைந்து மடங்கு. இருபது கிலோ விசையில் கையால் அழுத்தினால் 4,800 கிலோ வரை தூக்கலாம் என்று ஏட்டுக்கணக்கு சொல்கிறது. நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் என்பவர் 1851-இல் காப்புரிமை பெற்ற கையடக்க ஜாக்கியின் அடிப்படையே இன்றும் மாறவில்லை. அதனால்தான் வியர்வை சிந்தாமல் பள்ளிப் பையன்கூடத் தூக்கிவிடுகிறான், அதனாலேயே அதன் ஆபத்தும் கண்ணுக்குத் தெரிவதில்லை. உள்ளே ஒரு ரப்பர் வளையம் கிழிந்தால் தூக்கியது முழுவதும் இறங்கிவிடும்.

ஐந்து டன் பாட்டில் ஜாக்கி எடையில் சுமாரான நான்கைந்து கிலோ, பெட்டியில் இடம் அடைக்காது, 2.9 டன்னைத் தாராளமாகத் தூக்குகிறது. எண்ணெய் தூக்கும் உயரம் பெரும்பாலும் 12 அல்லது 13 செ.மீ.தான் என்பதே அதன் குறை. அடிப்பாகமும் சிறியது. உரமும் விதையும் மட்டும் ஏற்றும் சிறிய டிரெய்லருக்கு நான் இதையே சொல்வேன். பத்து டன் ஜாக்கி ஆறு கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். அதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் பத்து டன் தூக்க வேண்டும் என்பதன்று, அகலமான அடியும் 15 செ.மீ. தூக்கும் உயரமும் தடித்த திருகும் அதோடு வருகின்றன. மேலும் 2.9 டன் சுமையில் அதன் உள்ளழுத்தம் தாங்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறுவதில்லை என்பதால் சீல்கள் நீண்ட நாள் உழைக்கின்றன. கடையில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. இருபது டன் ஜாக்கி வாங்குவது வீண் பெருமை. எடை பத்து கிலோவைத் தாண்டுகிறது, இறங்கிய உயரமும் கூடுதல், ஒரு செ.மீ. ஏறுவதற்குப் பத்து டன் ஜாக்கியைவிட அதிகமான முறை பம்ப் செய்ய வேண்டியிருக்கிறது, தூக்கும் உயரத்தில் லாபம் எதுவும் இல்லை.

இரண்டு அடுக்குத் தண்டு உள்ள பாட்டில் ஜாக்கிகள் இப்போது பெரிய கடைகளில் வருகின்றன. ஒரு தண்டு முழுவதும் ஏறிய பிறகு அதற்குள்ளிருந்து இன்னொன்று எழும். குறைந்த உயரத்தில் நுழைந்து நிறைய உயரம் தூக்கும் என்பதால் தாளில் பார்க்க இதுதான் நம் கேள்விக்கு நேரான விடை. நான் பயன்படுத்திப் பார்த்தது இறங்கிய நிலையில் 18 செ.மீ., எட்டும் உயரம் 40-ஐச் சற்றே தாண்டியது. வெறும் தரையில் சரியாக நுழைந்தது. அடியில் ஐந்து செ.மீ. பலகை போட்டதும் அதுவும் நுழையவில்லை. மேல் அடுக்குத் தண்டு மெலிந்தது, வண்டி சற்றுச் சாய்ந்திருக்கும் கரையில் அது வளைந்து நிற்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. சீல்கள் இரண்டு மடங்கு, பழுது பார்ப்பவர் பாதி. தார் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்கு இது நல்ல ஜாக்கி, வயலுக்கு இறங்கும் டிரெய்லருக்கு நான் வாங்க மாட்டேன்.

அப்படியானால் நுழையாத பத்து டன் ஜாக்கியை எப்படி நுழைப்பது? இதற்கு விடை கடையில் விற்கும் பொருளில் இல்லை, ஒரு மரக்கட்டையில் இருக்கிறது. பத்து செ.மீ. கனத்தில், டயரைவிடச் சற்று அகலமாக, ஒரு முனையைச் சரிவாகச் சீவிய புளியங்கட்டை ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். டயர் இறங்கியதும் அந்தக் கட்டையை அந்தச் சக்கரத்துக்கு முன்னால் வைத்து, டிராக்டரை முதல் கியரில் மெல்ல நகர்த்தி, இறங்கிய சக்கரத்தைக் கட்டையின் மேல் ஏற்றிவிட்டால், ஆக்சிலின் அடிப்பக்கம் 21-இலிருந்து 31 செ.மீ.க்கு வந்துவிடும். இப்போது பலகையும் தகடும் ஐந்து, ஜாக்கி 23, கூட்டினால் 28. மீதமுள்ள மூன்று செ.மீ.யைத் திருகைக் கையால் நீட்டி ஆக்சிலைத் தொடவைத்துவிடலாம். அதன் பின் தேவைப்படுவது 31-இலிருந்து 42 வரை 11 செ.மீ. மட்டுமே, கையில் இருப்பதோ 15. பலகை மண்ணில் இரண்டு மூன்று செ.மீ. புதைந்தாலும் ஒரே தூக்கில் வேலை முடிந்துவிடும். சக்கரம் காற்றில் எழுந்ததும் கட்டையை உருவிவிட்டு ஸ்டெப்னியை மாட்டலாம். காற்றில்லாத டயர் அந்த ஓர் அடி தூரம் உருளுவதால் டியூப்பின் வால்வு அறுந்துபோக வாய்ப்பு உண்டு. டியூப்பின் விலை பெரிதன்று, ஜாக்கி நுழைய வேண்டும் என்று ஆக்சிலுக்குக் கீழே மண்வெட்டியால் குழி பறிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் வீடு போல இழுத்துச் செல்லும் டிரெய்லர்களில், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு சக்கரங்கள் இருந்தால், ஜாக்கியே இல்லாமல் நல்ல சக்கரத்தை மட்டும் ஒரு சரிவுக் கட்டையில் ஏற்றி, பஞ்சரான சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு மாற்றிவிடுகிறார்கள். நம் டிரெய்லரில் ஒரு பக்கத்துக்கு ஒரு சக்கரம்தான், அல்லது நான்கு சக்கர வண்டியானால் முன்னும் பின்னும் தள்ளி இருக்கும், ஆகையால் அந்த வழி நமக்கு உதவாது. அந்த டிரெய்லர்களின் மூலைகளில் ஆடாமல் நிற்பதற்காக வைத்திருக்கும் கால்களை வண்டி தூக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே எச்சரிப்பார்கள். நம் டிரெய்லரின் முன்னால், கொக்கிக்குப் பின்னே இருக்கும் ஊன்றுகாலுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். கழற்றி நிறுத்தும்போது முன்பக்கத்தைத் தாங்குவதற்குத்தான் அது, சக்கரம் மாற்றுவதற்கு அன்று.

ஆக்சிலை விட்டுவிட்டுச் சேஸில் ஜாக்கி கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேஸ் உயரத்தில் இருப்பதால் நுழைவது எளிது, ஆனால் பட்டை ஸ்பிரிங் முழுவதும் விரிந்து முடித்த பிறகுதான் சக்கரம் எழத் தொடங்கும். தூக்கிய உயரத்தில் ஒரு பங்கு இப்படியே வீணாகும். சேஸை எட்டுவதற்கு அடியில் கட்டைகளை அடுக்கவும் வேண்டும், அடுக்கின் மேல் நிற்கும் ஜாக்கி எந்தத் திசையில் சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. யூ போல்ட்டுக்கு ஒட்டிய உள்பக்கத்தில், ஆக்சிலின் தட்டையான அடிப்பகுதியே சரியான இடம். ஆக்சில் உருண்டையாக இருந்தால் ஜாக்கியின் தலைக்கு மேல் வளைவுள்ள தலைப்பட்டை ஒன்று அவசியம், அது இல்லாத ஜாக்கி உருண்டைக் குழாயில் வழுக்கும்.

வாங்கும்போது கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. கடை வாசலில் நிற்கும் ஏதாவது ஒரு வண்டியை அந்த ஜாக்கியால் தூக்கி, தண்டில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு இறங்கியிருந்தால் அந்த ஜாக்கி வேண்டாம். நல்ல கடைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. அதே வேளையில் இறக்கும் வால்வையும் பார்த்துவிடலாம். கைப்பிடியின் முனையிலுள்ள வெட்டு வால்வில் சரியாகப் பொருந்த வேண்டும், கால் சுற்றுத் திருப்பும்போது வண்டி மெல்ல இறங்க வேண்டும். திடீரென்று விழுந்தாற்போல் இறங்கும் ஜாக்கி ஸ்டெப்னியின் போல்ட்டுகளையும் பக்கத்தில் இருப்பவரின் விரல்களையும் ஒன்றாகவே பதம் பார்த்துவிடும். கைப்பிடியின் நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு துண்டுகளாக வந்து சேர்ந்தால் அறுபது செ.மீ.யாவது இருக்க வேண்டும், அப்போதுதான் டிரெய்லருக்கு வெளியே உட்கார்ந்து பம்ப் செய்ய முடியும். எட்டுவதற்காகக் குழாயைச் செருகி நீட்டிக்கொள்வதில் தவறில்லை, பலத்துக்காக நீட்டுவது தவறு. அறுபது செ.மீ. கைப்பிடியில் ஏறாத சுமையை அந்த ஜாக்கி தூக்க வேண்டியதே இல்லை. இணையத்தில் வாங்குவதில் விலை குறைவுதான், ஆனால் இந்தச் சோதனைகள் ஒன்றையும் செய்ய முடியாது. என் அண்டை வீட்டார் வரவழைத்தது பெட்டியிலேயே எண்ணெய் கசிந்து, அட்டை நனைந்து வந்து சேர்ந்தது.

பயன்படுத்துவதில் விவரிக்க அதிகம் இல்லை, ஆனால் இரண்டு மூன்றை விட்டுவிட முடியாது. டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றக் கூடாது. இரண்டு சக்கர வண்டி, கொக்கி கழன்றால் முன்னாலோ பின்னாலோ குப்புறச் சாயும். டிராக்டரைக் கியரில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, நல்ல சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். நட்டுகளைச் சக்கரம் தரையில் அல்லது கட்டையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். வாய்க்கால் பக்கத்துச் சக்கரம் இறங்கியிருந்தால், முடிந்தவரை கரை அகலமாக இருக்கும் இடத்துக்கு வண்டியை நகர்த்திக்கொண்ட பிறகே தூக்குவது நல்லது, ஏனென்றால் கரையின் விளிம்பு பலகையோடு சேர்ந்து பெயரும். தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் திருகு ஜாக்கியோ கட்டையோ கொடுக்காமல் ஒருவரும் உள்ளே கை நீட்டக் கூடாது.

பராமரிப்பில் எல்லாரும் செய்யும் தவறு எண்ணெயில்தான் நடக்கிறது. அளவு குறைந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்கும் பிரேக் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அது ஜாக்கியின் சீல்களை உப்பவைத்துக் கெடுத்துவிடும். ஹைட்ராலிக் எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும், அதுவும் தண்டு முழுவதும் இறங்கிய நிலையில், பக்கவாட்டு அடைப்பானின் துளை விளிம்பு வரை. தூக்கும்போது பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். வால்வைத் திறந்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு முறை பம்ப் செய்தால் அது வெளியேறிவிடும். பெட்டியில் வைக்கும்போது தண்டும் திருகும் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் துரு பிடித்து, அடுத்த முறை இறங்கும்போது அந்தத் துரு சீலைக் கிழிக்கும். வாங்கிய கடையிலேயே அந்த மாடலுக்கு உரிய சீல் செட் கிடைக்குமா என்று கேட்டு, இல்லையென்றால் வேறு மாடலுக்குப் போவது நல்லது. தஞ்சாவூரில் ஜாக்கி பழுது பார்க்கும் பட்டறைக்காரரிடம் கொண்டுபோனால் அவரும் முதலில் கேட்பது அதைத்தான்.

20 அங்குல ரிம்முக்குரிய டயர் போட்ட பெரிய டிரெய்லர் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் டயர் இறங்கினால் ஆக்சிலின் அடிப்பக்கம் சுமார் 27 செ.மீ.யில் நிற்கும், வெறும் தரையில் பத்து டன் ஜாக்கி நேராக நுழைந்துவிடும். ஆனால் எட்ட வேண்டிய உயரம் 49-க்குப் போய்விடுகிறது. சரிவுக் கட்டையில் ஏற்றி 37-க்குக் கொண்டுவந்து, அடிப்பலகையை எட்டு செ.மீ. கனத்தில் வைத்து, திருகை ஆறு செ.மீ. நீட்டித் தொடங்கினால், எண்ணெய் தூக்க வேண்டியது 12 செ.மீ. அதே பத்து டன் ஜாக்கி அந்த வண்டிக்கும் போதும், கூடுதலாக வேண்டியது தடித்த பலகை ஒன்று.